கடல் அனிமோன் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு நண்பர் தன் கடல்நீர் மீன்தொட்டியைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். தொட்டி போட்டு இரண்டே மாதம். நடுப்பாறையில் பால் வெள்ளையாய் ஓர் அனிமோன். அதிலிருந்து ஒரு சாண் தள்ளி, உறை எதுவும் போடாத வேவ்மேக்கர், அதாவது தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பம்ப். "எப்படி இருக்கு?" என்று கேட்டிருந்தார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. முதல் அனிமோனை வாங்கியபோது என் தொட்டியும் அச்சு அசலாய் இப்படித்தான் இருந்தது.

வெப்பநிலை, உப்பு, குழாய்த் தண்ணீர் சமாச்சாரமெல்லாம் பவளம் வளர்க்கிற ரீஃப் தொட்டி வைப்பவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதைத் தாண்டி, புதிதாக வருபவர்களிடம் திரும்பத் திரும்ப நான் பார்க்கிறவற்றை மட்டும் எழுதுகிறேன்.

பாடப் புத்தகத்தில் இதற்குக் கடல் சாமந்தி என்று பெயர். பூ என்கிற நினைப்பு அங்கேயே மனதில் விழுந்துவிடுகிறது. நட்ட இடத்தில் இருக்கும், வெளிச்சம் காட்டினால் போதும் என்று தோன்றிவிடுகிறது. ஆனால் இது நடக்கிற விலங்கு. இடம் பிடிக்காவிட்டால் கிளம்பிவிடும்.

சைக்கிள் முடிந்ததுமே விடுவது

புதுத் தொட்டியில் கழிவைச் சிதைக்கிற பாக்டீரியா வளர்ந்து நிலைபெறுவதைத்தான் சைக்கிள் என்கிறோம். அது முடிந்து, நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால் மீன் விடலாம். அனிமோனுக்கு அது போதாது. ஓடோ செதிலோ இல்லாத உடம்பு. தொட்டித் தண்ணீரையே உள்ளே நிரப்பிக்கொண்டுதான் அது விரிந்து நிற்கிறது. தண்ணீரில் ஏற்படுகிற ஏற்ற இறக்கம் நேராக அதன் உடம்புக்குள் போகும். குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருடம் பொறுங்கள். அதற்குள், உப்பின் அளவைக் காட்டுகிற ஒப்படர்த்தி 1.025, 1.026 என்று ஒரே இடத்தில் நிற்கும். ஆவியாகிற நீரைத் தினமும் உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரால் ஈடுகட்டுகிற பழக்கமும் உங்களுக்கு வந்திருக்கும்.

வெள்ளையை அழகென்று வாங்குவது

அனிமோனின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தைக்கொண்டு அவை தயாரிக்கிற உணவில்தான் அதன் வயிறு பெரும்பாலும் நிறைகிறது. நாம் பார்க்கிற பழுப்பு நிறம் அந்தப் பாசிகளுடையது. தூய வெள்ளையாக இருந்தால் பாசி வெளியேறிவிட்டது, விலங்கு பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம். எலுமிச்சை மஞ்சளாய் மின்னுவது பல சமயம் வெளுத்துப்போனதற்குச் சாயம் ஏற்றியது. இவற்றைத் தேற்ற முடியும், ஆனால் மாதக்கணக்கில் பாடுபட வேண்டும். அது முதல் அனிமோனில் செய்கிற வேலை இல்லை. விரல் நுனியில் குமிழ் உள்ள பபுள் டிப் வகையில், பழுப்போ பச்சையோ கலந்ததாகப் பாருங்கள். வாய் இறுக மூடியிருக்க வேண்டும், கால் எதையாவது பற்றியிருக்க வேண்டும், காலில் கிழிசல் இருக்கக் கூடாது.

வேவ்மேக்கரை மூடாமல் விடுவது

இத்தனை வருடம் கழித்தும் எனக்கு எரிச்சல் அடங்காத தவறு இது.

என் பபுள் டிப் பதினான்கு மாதம் ஒரே பாறை இடுக்கில் இருந்தது. உள்ளங்கை அளவில் வந்தது, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விரிந்தது. வேவ்மேக்கருக்கு ஸ்பாஞ்ச் உறை போட்டுத்தான் வைத்திருந்தேன். ஒரு நாள் கழுவுவதற்காகக் கழற்றியவன், உறை இல்லாமல் நீரோட்டம் நன்றாக இருக்கிறதே என்று அப்படியே விட்டுவிட்டேன். அதே வாரம் பழைய விளக்கை எடுத்துவிட்டு அதைவிடப் பிரகாசமானதை மாட்டினேன். இரண்டையும் சேர்த்து யோசிக்கவே இல்லை.

காலையில் விளக்கு எரிந்தபோது தொட்டியின் பின்கண்ணாடி தெரியவில்லை. தண்ணீர் முழுக்க வெள்ளைக் கலங்கல். வேவ்மேக்கர் வழக்கமான சத்தம் இல்லாமல் கரகரவென்று இழுத்துக்கொண்டிருந்தது. அதன் சல்லடையில் இளஞ்சிவப்பாய் ஒரு சதைத் துண்டு, நுனிக் குமிழ்கூட அப்படியே இருந்தது. அனிமோனின் விரல்கள் துணுக்குத் துணுக்காகப் பவளங்களின் மேல் ஒட்டிக் கிடந்தன. அனிமோனோடு சேர்ந்து வாழ்கிற இனமான கிளவுன் மீன்கள் இரண்டும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. சாயங்காலத்துக்குள் ஒன்று போய்விட்டது. மறுநாள் மற்றதும் போனது. துணுக்குகள் விழுந்த பவளங்களில் பாதி, சதை உரிந்து எலும்பாய் நின்றது.

ஓர் அனிமோன் செத்தால் தொட்டியே ஏன் போகிறது என்று பலருக்குப் புரிவதில்லை. அரைபட்ட சதை தண்ணீர் முழுக்கப் பரவி, ஒரே நேரத்தில் அழுகுகிறது. அம்மோனியா ஏறுகிறது. அழுகலைத் தின்கிற பாக்டீரியா ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது. போதாததற்கு, அறுந்த விரலில் இருக்கிற கொட்டும் செல்கள் அறுந்த பிறகும் வேலை செய்யும். அது எங்கே போய் ஒட்டுகிறதோ அங்கே கொட்டும்.

அப்போது ஒருவர், "வயசாகியிருக்கும், விடுங்க" என்று ஆறுதல் சொன்னார். அனிமோன் அப்படி வயதாகிப் போகிற உயிர் இல்லை. ஜான் டாலியெல் என்ற இயற்கை ஆய்வாளர் 1828-ல் ஸ்காட்லாந்துக் கரையிலிருந்து எடுத்துவந்து ஜாடியில் வளர்த்த ஓர் அனிமோன், அவர் இறந்த பிறகும் கை மாறி மாறி 1887 வரை இருந்தது. குளிர்கடல் வகைதான், நம் வகை இல்லை. ஆனாலும் நம் தொட்டியில் ஓர் அனிமோன் இரண்டு வருடத்தில் போனால் வயதைக் காரணம் சொல்ல எனக்கு மனம் வராது. என்னுடையதை நான்தான் கொன்றேன்.

இதைச் சொல்லி உறை போடச் சொன்னால் வருகிற பதில்கள் எனக்கு மனப்பாடம். "என்னோடது ஆறு மாசமா நகரவே இல்லை." என்னுடையது பதினான்கு மாதம் நகரவில்லை. விளக்கு மாறினால், பக்கத்துப் பவளம் வளர்ந்து இடித்தால், நீரோட்டம் திசை மாறினால் ஒரே இரவில் கிளம்பும். நடப்பது மட்டுமில்லை, சில சமயம் பிடியை விட்டுவிட்டு ஓட்டத்தோடு மிதந்தும் போகும். "வேவ்மேக்கரிலேயே சல்லடை இருக்கே." அந்த இடுக்கு மீனைத் தடுக்கும். எலும்பில்லாத உடம்பு அதற்குள் தாராளமாக இழுபடும். "உறை போட்டால் ஓட்டம் குறையுது." குறையும். அதற்கு ஒரு அளவு பெரிய வேவ்மேக்கரை வாங்கிக் குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள்.

உறை இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை அழுக்கானதைக் கழற்றிய கையோடு சுத்தமானதை மாட்டிவிட வேண்டும். கழற்றியதைத் திரும்ப மாட்டாமல் விட்ட இடைவெளியில்தான் என் தொட்டி போனது. தண்ணீர் வழிந்து கீழ்த்தொட்டிக்குப் போகிற வாய்க்கும், தொட்டிக்குள்ளேயே இருக்கிற வேறு எந்த பம்புக்கும் இதே கதைதான். ஹீட்டருக்கும் கூண்டு போடுங்கள், அதன் மேல் போய் உட்கார்ந்தால் வெந்துவிடும்.

மாட்டிக்கொண்டதைக் கண்ணால் பார்த்துவிட்டால், முதலில் அந்த வேவ்மேக்கரை அணையுங்கள். காற்றுக் குமிழி விடுகிற காற்றுக்கல்லைப் போடுங்கள். துணுக்குகளைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள், நஞ்சை உறிஞ்சுகிற ஆக்டிவேட்டட் கார்பனைப் புதிதாகப் போடுங்கள், அதே உப்பும் அதே சூடும் உள்ள தண்ணீரால் பெரிய அளவில் மாற்றுங்கள். காலும் வாயும் பிழைத்திருந்தால் பபுள் டிப் தேறிவர வாய்ப்பு உண்டு, அதனால் அவசரப்பட்டுத் தூக்கி எறியாதீர்கள்.

நண்பரிடம் அன்றைக்கே போனில் பேசி, உறை மாட்டிய படத்தை அனுப்பிய பிறகுதான் விட்டேன்.

பிய்த்து எடுத்து இடம் மாற்றுவது

நமக்குப் பார்க்க வசதியான இடத்தில் அது உட்காராது. பின்பக்க இடுக்கில் போய் ஒளிந்தால் இழுக்காதீர்கள். கால் கிழிந்தால் அந்தக் காயத்தில் கிருமி புகுந்து சாகலாம். மாற்றியே ஆக வேண்டும் என்றால் பாறையோடு தூக்குங்கள். இன்னொன்று, பபுள் டிப்புக்குப் பாறை இடுக்கு வேண்டும். லாங் டென்டக்கிள், ஹடோனி கார்பெட் என்ற வகைகள் மணலில் கால் புதைப்பவை. வகை தெரியாமல் இடம் கொடுத்தால் அது நடந்துகொண்டேதான் இருக்கும்.

சுருங்கியதும் பதறுவது

உள்ளே இருக்கிற பழைய தண்ணீரையும் கழிவையும் வெளியே தள்ள அனிமோன் அவ்வப்போது கசங்கிய துணிபோலச் சுருங்கும். சில மணி நேரத்தில் விரிந்துவிடும். அந்த நேரத்தில் கையை விட்டு நோண்டுவதுதான் கெடுதல். செத்ததற்கு அடையாளம் வேறு. வாய் பிளந்து உள்ளிருப்பது வெளியே தொங்கும், தொட்டால் சதை நூல் நூலாய்ப் பிரியும், நாற்றம் குடலைப் பிடுங்கும். அப்போது ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் எடுத்துவிடுங்கள்.

பெரிய துண்டாகத் தீனி

நகக்கண் அளவு இறால், வாரம் ஒரு முறை. பெரிதாகக் கொடுத்தால் மறுநாள் அப்படியே கக்கும்.

வெறுங்கையால் தொடுவது

கையுறை போடுங்கள்.

செம்பு மருந்து

அனிமோன் இருக்கிற தொட்டியில் ஒரு சொட்டுகூட வேண்டாம். நோயுள்ள மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி அங்கே கொடுங்கள்.

கிளவுன் மீனுக்காக வாங்குவது

கிளவுன் மீனுக்கு அனிமோன் கட்டாயம் இல்லை. வேட்டை மீன்கள் இல்லாத தொட்டியில் அது இல்லாமலே நன்றாக வாழும். பலரும் வளர்க்கிற கிளவுன் வகையான ஆசிலாரிஸ் கடலில் குடியிருப்பது மேக்னிஃபிகா என்ற அனிமோனிலும் இரண்டு வகைக் கார்பெட் அனிமோன்களிலும். பபுள் டிப் அதன் இயற்கையான வீடு இல்லை, மரூன் கிளவுன் போன்ற வேறு கிளவுன் வகைகளுக்குத்தான் அது வீடு. தொட்டியில் ஆசிலாரிஸும் பபுள் டிப்புக்குள் போவது உண்டு. என் இப்போதைய ஜோடி மூன்று மாதம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கண்ணாடி மூலையிலேயே தூங்கியது. அதற்காக மேக்னிஃபிகாவைத் தேடிப் போகாதீர்கள், வளர்ப்பதற்கு மிகக் கடினமான வகைகளில் ஒன்று அது. அனிமோன் சின்னதாக இருந்து மீன் பெரிதாக இருந்தால், மீன் போகாமல் இருப்பதே நல்லது. ஓயாமல் உரசி உரசி அனிமோனை விரியவே விடாது.