நெடும்பயண வண்டிக்கு ஃப்யூல் ட்யூனர்: பொருத்தும் முறையும் பழக்கும் முறையும்

கத்திரி வெயிலில் காரைக்குடியிலிருந்து தேவகோட்டை வழியாக இராமநாதபுரம் நோக்கி மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சீராகச் செல்லும்போது, ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிள் இலேசாகத் திமிறுவதையும், ஆக்ஸிலரேட்டரை மூடித் திறக்கும் கணத்தில் வெட்டி இழுப்பதையும், தொடையில் அனல் ஏறுவதையும் நீண்ட பயணம் செய்வோர் அறிவர். எஞ்சினுக்குச் செல்லும் பெட்ரோலைச் சிறிது கூட்டும் ஃப்யூல் ட்யூனர் என்ற கருவியை வாங்குவதற்கு இவையே நியாயமான காரணங்கள். குதிரைத்திறன் கூடுமென்று நம்பி வாங்குவோர் ஏமாந்து போவர். ஏர் ஃபில்டரும் சைலன்சரும் நிறுவனம் தந்தபடியே இருக்கும் வண்டியில் இக்கருவியால் கூடும் திறன் மிகச் சொற்பம்.

கருவி செய்யும் வேலையைப் புரிந்துகொண்ட பிறகே பெட்டியைப் பிரிக்க வேண்டும். எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்பதே முழுமையாக எரிவதற்கான விகிதம். புகைக் கட்டுப்பாட்டுக்காக, சீரான வேகத்தில் செல்லும்போது வண்டியின் ஈசியு எனும் எஞ்சின் கணினி, புகைக்குழாயிலுள்ள ஆக்ஸிஜன் சென்சார் தரும் மின்னழுத்தத்தைப் பார்த்து, கலவையை அந்த விகிதத்தை ஒட்டியே பிடித்து வைக்கிறது. சென்சார் 0.45 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பெட்ரோல் மிகுதி, கீழே காட்டினால் குறைவு என்று ஈசியு கொள்ளும். (அந்தச் சென்சாரே ஒரு சிறிய மின்வேதிக் கலன்தான், 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட சிக்ரி எனும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் காரைக்குடிக்காரர்களுக்கு இது அந்நியச் சங்கதி அன்று.) காற்றால் குளிரும் எஞ்சினோ 13 முதல் 13.5 வரையிலான விகிதத்தில்தான் இதமாக ஓடுகிறது. ஆகவே ட்யூனர் இரண்டு வேலைகளைச் செய்தாக வேண்டும்: பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைச் சிறிது நீட்டுவது ஒன்று, அவ்வாறு கூடிய பெட்ரோலை ஈசியு உடனே குறைத்துவிடாதபடி சென்சாரின் சமிக்ஞையைத் திருத்தி அனுப்புவது மற்றொன்று. காற்றின் வெப்பநிலையை அளக்கும் சென்சாரில் ஒரு ரெசிஸ்டரை மட்டும் சொருகி, ‘பூஸ்டர்’ என்று மலிவாக விற்கப்படும் பொருள்கள் இரண்டாவது வேலையைச் செய்வதில்லை. சீரான வேகத்தில் ஈசியு சில நொடிகளிலேயே அவற்றின் விளைவை அழித்துவிடும். அவற்றுக்குச் செலவழிக்கும் பணத்துக்கு நல்ல செயின் ஸ்ப்ரே வாங்கலாம்.

பொருத்துவதற்கு முன் வண்டியின் இன்றைய நிலையை அளந்து எழுதி வைக்க வேண்டும். இந்தப் பக்கத்துச் செம்மண் புழுதி ஏர் ஃபில்டரை விரைவில் அடைத்துவிடும். அடைபட்ட ஃபில்டரோடு மேப் (எவ்வளவு பெட்ரோல் கூட்டுவது என்று கருவியில் பதிந்துள்ள அளவுத் திட்டம்) தேர்ந்தெடுப்பவர், புதிய ஃபில்டர் போட்ட அன்றே மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரும். ஃபில்டர், ஸ்பார்க் பிளக், செயினின் இறுக்கம், டயர் காற்று ஆகியவற்றைச் சரிசெய்த பின், ஒரே பெட்ரோல் பங்கில், ஒரே பம்பில், வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி டேங்க்கை நிரப்பி, மூன்று டேங்க்குகளுக்கேனும் மைலேஜைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்கு இல்லாமல் பின்னர் சொல்வதெல்லாம் வெறும் மனக்கணக்காகவே இருக்கும்.

பொருத்தும் வேலை எஞ்சின் நன்கு ஆறிய பிறகு, காற்றோட்டமான இடத்தில் நடக்க வேண்டும். எரிபொருள் பம்பின் வயர் இணைப்பான கப்ளரைக் கழற்றிவிட்டு எஞ்சினைத் தானாக அணையும்வரை ஓட விட்டால் குழாயிலுள்ள அழுத்தம் இறங்கிவிடும். பிறகு பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிவிட்டு டேங்க்கைத் தூக்கலாம். இன்ஜெக்டரின் கப்ளரையும் ஆக்ஸிஜன் சென்சாரின் கப்ளரையும் பிரித்து, கருவியின் இணைப்புகளை இடையில் ‘டக்’ என்ற ஓசை கேட்கும்வரை அழுத்திச் செருக வேண்டும். நிறுவனத்தின் வயரை எங்கும் வெட்டக் கூடாது. வெட்டச் சொல்லும் கருவியை வாங்கவே கூடாது. எர்த் வயரில்தான் பலரும் தவறுகிறோம். பெயின்ட் பூசிய போல்ட்டில் அதை மாட்டிவிட்டுத் திருமயம்வரை சென்ற நான், கோட்டைக்கு எதிரே எஞ்சின் விட்டுவிட்டு ஓடியதற்குக் காரணம் தெரியாமல் ஒரு மணி நேரம் வெயிலில் நின்றேன். பேட்டரியின் நெகடிவ் முனையே அதற்குரிய இடம். வயர்களைச் சிலிண்டர் ஹெட்டைத் தொடாமலும், ஹேண்டில்பாரை இருபுறமும் முழுதாகத் திருப்பும்போது இழுபடாமலும் கொண்டு சென்று, கருவியைச் சீட்டுக்கு அடியில் தண்ணீர் படாத மூலையில் கட்ட வேண்டும்.

முதல் முறை எஞ்சினை இயக்கும்போது, எச்சரிக்கை விளக்கு அணைகிறதா என்று பார்த்து, பத்து நிமிடம் ஐடிலில் விட வேண்டும். விளக்கு அணையவில்லை என்றால் பெரும்பாலும் கப்ளர் முழுதாகப் பதியவில்லை என்று பொருள்.

இனி மேப். கருவியில் எத்தனை மேப்புகள் இருந்தாலும் மிகக் குறைவாகப் பெட்ரோல் கூட்டும் மேப்பிலிருந்தே தொடங்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு டேங்க்கேனும் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு டீக்கடையிலும் மேப்பை மாற்றுபவருக்கு எது நன்றாக இருந்தது என்பது மாலையில் நினைவிருக்காது. காரைக்குடி–திருமயம் போன்ற ஒரே சாலையில், ஒரே பாரத்தோடு ஓட்டி, திமிறல் நிற்கும் முதல் மேப்பிலேயே நிறுத்திக்கொள்வதே என் பரிந்துரை. அதற்கு மேல் போனால் சைலன்சர் வாயில் கருமை படியும், ஸ்பார்க் பிளக்கில் கரி ஏறும், மைலேஜ் இறங்கும். ஆக்ஸிலரேட்டரை மூடும்போது சைலன்சரில் வெடிச்சத்தம் கேட்டால் உடனே பெட்ரோலைக் கூட்டிவிட வேண்டாம். புகைக்குழாய் இணைப்பில் கசிவு இருந்தாலும் அதே சத்தம் வரும்.

20 சதவீத எத்தனாலுக்கு ஏற்ப அமைக்கப்படாத பழைய வண்டிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு, 10 சதவீதக் கலப்பைவிடச் சுமார் 4 சதவீதம் கூடுதல் எரிபொருள் தேவை. சீரான வேகத்தில் சென்சார் இதை ஈடுசெய்துவிடும். முழு ஆக்ஸிலரேட்டரில் ஈசியு சென்சாரைக் கேட்பதில்லை என்பதால், அங்கே ட்யூனரின் சிறு கூட்டல் உண்மையாகவே உதவுகிறது. கொடைக்கானலுக்கு ஏறும்போது மேப்பை மாற்ற வேண்டியதில்லை. காற்றழுத்தம் குறைவதைப் பார்த்து ஈசியு தானே பெட்ரோலைக் குறைக்கும். கருவி சதவீதக் கணக்கில் கூட்டுவதால் அதுவும் கூடவே குறையும்.

பெட்ரோல் மிகும்போது புகையில் கார்பன் மோனாக்சைடும் மிகும். ஆகவே புகைச் சான்றுக்குச் செல்லும் முன் கருவியைக் கழற்றிவிட்டுப் போவதைவிட, கருவி மாட்டிய நிலையிலேயே அளவுக்குள் வருகிற மேப்பைத் தேர்வது நேர்மையானது. உத்தரவாதக் காலம் முடியாத வண்டியில், இதைக் காரணம் காட்டிப் பழுதுச் செலவை ஏற்க நிறுவனம் மறுக்கலாம் என்பதை அறிந்தே பொருத்த வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை சீட்டைத் தூக்கி, கப்ளர்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்து, துடைத்துவிட்டு, மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவி மூடினால் போதும்.