தரைவழி டிஜிட்டல் தொலைக்காட்சியைத் தடங்கலின்றிப் பெறுவது எப்படி

பழைய அனலாக் ஒளிபரப்பில் சிக்னல் குறையக் குறையப் படத்தில் புள்ளிகள் கூடும், ஒலியில் இரைச்சல் ஏறும். பார்ப்பவருக்கு முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்துவிடும். டிஜிட்டலில் அந்த எச்சரிக்கை இல்லை. ஒரு குறிப்பிட்ட வரம்புக்கு மேல் சிக்னல் எவ்வளவு இருந்தாலும் படம் ஒரே தெளிவோடு இருக்கும்; வரம்புக்குக் கீழே ஓரிரு டெசிபெல் (சிக்னலின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் அலகு) இறங்கியதும் படம் கட்டம் கட்டமாக உடைந்து, ஒலி அறுபட்டு, திரை வெறுமையாகிவிடும். ஆகவே ஆன்டெனா பொருத்திய அன்று படம் நன்றாகத் தெரிந்தது என்பதை மட்டும் வைத்து வேலை சரியாக முடிந்ததாகக் கொள்ள முடியாது. அந்தப் படம் வரம்புக்கு மேலே எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, மழையிலும் காற்றிலும் இழப்பதற்குக் கையிருப்பு எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு வேலையும் அந்தக் கையிருப்பைச் சேர்ப்பதற்கானது.

எதையும் வாங்குமுன் உங்கள் வட்டாரத்துக்கான ஒளிபரப்புக் கோபுரத்தைப் பற்றிச் சில விவரங்களைத் திரட்டிக்கொள்ளுங்கள். கோபுரம் எந்தத் திசையில், எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது. எந்தெந்த அதிர்வெண்களில் ஒளிபரப்புகிறது. அலைகள் கிடைமட்டமாக அனுப்பப்படுகின்றனவா, செங்குத்தாகவா. எந்தத் தொழில்நுட்பத் தரம் பயன்படுகிறது என்பவை தெரிந்தாக வேண்டும். ஐரோப்பாவிலும் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலும் டிவிபி-டி அல்லது அதன் அடுத்த தலைமுறையான டிவிபி-டி2, அமெரிக்காவிலும் கனடாவிலும் தென்கொரியாவிலும் ஏடிஎஸ்சி, ஜப்பானிலும் தென் அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் ஐஎஸ்டிபி-டி, சீனாவில் டிடிஎம்பி என்று தரங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. டிவிபி-டி2 டியூனர் (சிக்னலை வாங்கிப் பிரித்தெடுக்கும் பகுதி) பழைய டிவிபி-டி ஒளிபரப்பையும் எடுத்துக்கொள்ளும். பழைய டியூனரால் புதியதை எடுக்க முடியாது. டியூனர் பொருந்தினாலும், ஒளிபரப்பு ஹெச்இவிசி என்ற புதிய முறையில் சுருக்கப்பட்டிருந்து, தொலைக்காட்சிப் பெட்டி எம்பெக்-4 என்ற முந்தைய முறை வரை மட்டுமே அறிந்ததாக இருந்தால் அலைவரிசைப் பெயர்கள் பட்டியலில் தோன்றும், படம் மட்டும் வராது. ஆன்டெனாவைக் குறை சொல்லும் பலரின் சிக்கல் உண்மையில் இங்கேதான் இருக்கிறது.

தொலைவைக் கணக்கிட எளிய சூத்திரம் உண்டு. கோபுரத்தின் உயரம், ஆன்டெனாவின் உயரம் இரண்டையும் மீட்டரில் எடுத்து, ஒவ்வொன்றின் வர்க்கமூலத்தையும் கூட்டி, 4.12 ஆல் பெருக்கினால் வானொலி அடிவானத் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். 300 மீட்டர் உயரக் கோபுரத்திலிருந்து 10 மீட்டர் உயர ஆன்டெனாவுக்கு இது ஏறத்தாழ 84 கிலோமீட்டர். சமதளத்துக்கான கணக்கு இது. நடுவில் ஒரு குன்று இருந்தால் 20 கிலோமீட்டரிலேயே நிழல் விழுந்துவிடும். அத்தகைய இடங்களுக்காகவே சிறு துணைநிலையங்கள் அமைக்கப்படுகின்றன. பெரிய கோபுரத்தின் சக்தி பல மடங்கு அதிகமாக இருந்தாலும், அது குன்றுக்குப் பின்னால் மறைந்திருந்தால், கண்ணுக்கு நேரே தெரியும் சிறு நிலையத்தையே நான் தேர்ந்தெடுப்பேன். துணைநிலையம் எல்லா அலைவரிசைகளையும் தருகிறதா என்பதை மட்டும் முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

ஆன்டெனாவில் 'டிஜிட்டல்' என்று தனி வகை எதுவும் இல்லை. விற்பனைப் பெட்டியின்மேல் எது அச்சிடப்பட்டிருந்தாலும், ஆன்டெனாவுக்குத் தெரிந்தது அதிர்வெண் ஒன்றே. 600 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 50 சென்டிமீட்டர், எனவே அதற்கான அரை அலைக் கம்பி சுமார் 25 சென்டிமீட்டர் இருக்கும். 174 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் வரையிலான விஹெச்எஃப் பட்டையிலும் உங்கள் நிலையம் ஒளிபரப்பினால் அதற்கு ஏறத்தாழ மூன்று மடங்கு நீளக் கம்பிகள் தேவைப்படும். சின்னஞ்சிறு தட்டை ஆன்டெனாக்கள் அங்கே தோற்றுப்போவதற்குக் காரணம் இதுதான். ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் ஷின்டாரோ உடாவும் ஹிடெட்சுகு யாகியும் 1926-இல் வெளியுலகுக்கு அறிவித்த யாகி-உடா வடிவமே இன்றும் தொலைதூர வரவேற்புக்கு முதன்மையானது. கம்பிகளின் எண்ணிக்கை கூடக் கூட முன்திசையில் பிடிப்பு கூடும், அதே அளவுக்குப் பார்வைக் கோணம் குறுகும், ஆகவே திசையை இன்னும் துல்லியமாக வைக்க வேண்டியிருக்கும். நடுத்தரத் தொலைவில், நீளம் படிப்படியாகக் குறையும் கம்பிகள் கொண்ட லாக்-பீரியாடிக் வடிவம் நல்ல தேர்வு. அதன் பிடிப்பு சற்றுக் குறைவு என்றாலும் பட்டை முழுவதிலும் சீராக இருக்கும், பக்கவாட்டுக் குறுக்கீட்டையும் நன்றாக ஒதுக்கும்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான வேலை: இடம் தேடுதல். கூரைக்கு மேலே, கோபுரத்தின் திசையில் திறந்த வெளி இருக்கும்படி ஆன்டெனாவை வைக்க முடிந்தால் வேறு எந்தச் செலவும் அதற்கு ஈடாகாது. வீட்டுக்குள் வைப்பதானால் இரும்புக் கம்பி பாய்ந்த கான்கிரீட், உலோகத் தகட்டுக் கூரை, வெப்பம் தடுக்கும் உலோகப் பூச்சுள்ள கண்ணாடி ஆகியவை சிக்னலைப் பெருமளவு விழுங்கிவிடும். உயரம் கூடினால் சிக்னல் கூடும் என்பது பொதுவாக உண்மைதான், ஆனால் அருகிலுள்ள கட்டடங்களிலிருந்து திரும்பும் அலைகள் நேர் அலையோடு சேர்ந்து சில இடங்களில் வலுப்பெறும், சில இடங்களில் ஒன்றையொன்று அழிக்கும்; அத்தகைய இடங்களில் ஆன்டெனாவை அரை மீட்டர் பக்கவாட்டிலோ கீழ்நோக்கியோ நகர்த்தினாலே நிலைமை மாறிவிடும். எனவே கம்பத்தை இறுக்குமுன் ஒருவர் ஆன்டெனாவைக் கையில் பிடித்து மெல்ல நகர்த்த, இன்னொருவர் திரையிலுள்ள அளவுகளைப் படித்துச் சொல்வது நல்லது. மரங்களின் வழியாகப் பார்க்கும் திசையைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். நனைந்த இலைகள் உலர்ந்த இலைகளைவிட அதிகம் உறிஞ்சும், காற்றில் அசையும் கிளைகள் சிக்னலை நொடிக்கு நொடி ஏற்றி இறக்கும்.

கம்பிகள் நிற்கும் வாட்டம் கோபுரத்தின் அலை வாட்டத்தோடு ஒத்திருக்க வேண்டும்: கிடைமட்ட ஒளிபரப்புக்குக் கம்பிகள் தரைக்கு இணையாக, செங்குத்து ஒளிபரப்புக்கு நிமிர்ந்து. இதைத் தவறாக வைத்தால் 15 முதல் 20 டெசிபெல் வரை இழப்பு நேரலாம். எந்தப் பூஸ்டரும் (சிக்னலைப் பெருக்கும் கருவி) அதை ஈடுசெய்யாது. யாகி வகையில் சிறு கம்பிகள் உள்ள முனையே கோபுரத்தைப் பார்க்க வேண்டும். திசைகாட்டி அருகிலுள்ள இரும்பால் எளிதில் ஏமாறும் என்பதால், வரைபடத்தில் வீட்டிலிருந்து கோபுரம்வரை கோடு போட்டு, அந்தக் கோட்டில் விழும் கட்டடம் ஒன்றைக் குறியாக வைத்துக்கொள்வது நம்பகமானது. மின்கம்பிகளுக்கு அருகே, கம்பம் சரிந்தால் எட்டக்கூடிய தொலைவில், எந்த வேலையும் செய்யாதீர்கள். உலோகக் கம்பத்தை முறைப்படி தரையிணைப்புச் செய்ய வேண்டும். இடி இருக்கும்போது கூரைமேல் ஏறக் கூடாது.

பெரும்பாலான பெட்டிகளின் அமைப்புப் பட்டியலில் சிக்னலின் வலு, தரம் என்று இரண்டு அளவுகள் காட்டப்படும். திசை வைக்கும்போது தரத்தையே நம்புங்கள். வலு என்பது அந்த அதிர்வெண்ணில் வந்து சேரும் மொத்த ஆற்றல். அதில் இரைச்சலும் குறுக்கீடும் சேர்ந்தே இருக்கும். தரம் என்பது அதிலிருந்து பிழையின்றிப் பிரித்தெடுக்க முடிந்த அளவு. ஏடிஎஸ்சி ஒளிபரப்பின் முதல் தலைமுறைக்குச் சிக்னல் இரைச்சலைவிட ஏறத்தாழ 15 டெசிபெல் மேலே இருக்க வேண்டும். டிவிபி-டி-யில் பரவலாகப் பயன்படும் அமைப்புகளுக்கு 17 முதல் 20 டெசிபெல் வரை தேவைப்படும். ஆன்டெனாவை மெல்ல இடப்பக்கம் திருப்பித் தரம் சரியும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், வலப்பக்கமும் அவ்வாறே செய்து, இரண்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். பெட்டி அளவைப் புதுப்பிக்கச் சில நொடிகள் எடுக்கும் என்பதால் ஒவ்வொரு திருப்பத்துக்குப் பின்னும் பொறுத்திருக்க வேண்டும். ஒரே அதிர்வெண்ணில் சேர்ந்து வரும் அலைவரிசைத் தொகுப்பை மல்டிப்ளெக்ஸ் என்பார்கள்; இந்தச் சோதனையை நன்றாக வரும் மல்டிப்ளெக்ஸில் செய்வது வீண். ஒரே கோபுரத்திலிருந்தே வெவ்வேறு மல்டிப்ளெக்ஸ்கள் வெவ்வேறு சக்தியில் வரக்கூடும், ஆகவே இருப்பதில் மிகப் பலவீனமானதை வைத்தே திசையை முடிவுசெய்ய வேண்டும்.

கேபிளில் சிக்கனம் வேண்டாம். 75 ஓம் கோஆக்சியல் வகையில், ஆர்ஜி-6 போன்ற தரமான கேபிள்கூட யுஹெச்எஃப் பட்டையின் (விஹெச்எஃப்-ஐவிட உயர்ந்த அதிர்வெண்கள் கொண்டது) மேற்பகுதியில் 100 மீட்டருக்குச் சுமார் 20 டெசிபெல் இழக்கும். 20 மீட்டர் ஓட்டத்துக்கு 4 டெசிபெல். திருகும் வகைக் கனெக்டரைப் பொருத்தும்போது வெளிவலையின் ஒரு மெல்லிய இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் சிக்னல் செத்துவிடும். வெளியிலுள்ள இணைப்புகளை ரப்பர் நாடாவால் இறுகச் சுற்றி, கேபிள் வீட்டுக்குள் நுழையுமிடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் மழைநீர் உள்ளே வழியாது. நீர் புகுந்த கேபிளை உலர்த்திப் பயனில்லை, மாற்றியே ஆக வேண்டும்.

பூஸ்டரைக் கடைசியாகத்தான் நினைக்க வேண்டும். அது சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்குகிறது, தன் பங்குக்குச் சிறிது இரைச்சலையும் கூட்டுகிறது. ஆன்டெனாவில் இல்லாத தரத்தை அதனால் உருவாக்க முடியாது. அதன் உண்மையான பயன், ஆன்டெனாவுக்குப் பிறகு வரும் இழப்புகளை முன்கூட்டியே ஈடுகட்டுவது. அதனால்தான் கம்பத்தின் மேலேயே பொருத்தும் பூஸ்டர் உதவுகிறது, தொலைக்காட்சிக்குப் பின்னால் வைக்கும் பூஸ்டர் பெரும்பாலும் உதவுவதில்லை. கேபிளில் 6, இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டரில் 4 என மொத்தம் 10 டெசிபெல் இழப்பு இருந்தால் 15 டெசிபெல் பூஸ்டர் போதும். 30, 40 என்று பெரிய எண்ணைப் பார்த்து வாங்குபவர்கள் டியூனரைத் திணறடிக்கிறார்கள்; வலு முழுமையாகவும் தரம் படுமோசமாகவும் காட்டினால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பெட்டியின் நுழைவில் 50 முதல் 65 டெசிபெல்-மைக்ரோவோல்ட் (வந்து சேரும் சிக்னலின் மின்னழுத்தத்தை அளக்கும் அலகு) வரை இருப்பது வசதியான அளவு. கம்பத்துப் பூஸ்டருக்கு மின்சாரம் கேபிள் வழியாகவே போவதால், இடையிலுள்ள ஸ்பிளிட்டர் அதைக் கடத்தும் வகையாக இருக்க வேண்டும்.

பல நாடுகளில் 700, 800 மெகாஹெர்ட்ஸ் பகுதிகள் தொலைக்காட்சியிடமிருந்து கைப்பேசிச் சேவைகளுக்கு மாற்றப்பட்டுவிட்டன. பழைய ஆன்டெனாவும் பூஸ்டரும் அந்த அலைகளையும் ஆவலோடு வாங்கிப் பெருக்கும். அருகில் கைப்பேசிக் கோபுரம் இருந்தால் அதன் அலைகளைத் தடுக்கும் எல்டிஇ (4ஜி கைப்பேசிச் சேவை) வடிகட்டியை ஆன்டெனாவுக்கும் பூஸ்டருக்கும் நடுவில் வைக்க வேண்டும். பூஸ்டருக்குப் பின்னால் வைத்தால் கெடுதல் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும்.

எதிரொலித்து வரும் அலைகளைக் கண்டு டிவிபி-டி பயனர்கள் அதிகம் அஞ்ச வேண்டியதில்லை. அந்தத் தரத்தின் 8கே முறையில் (இது திரைத் தெளிவைக் குறிக்கும் 8கே அல்ல) ஒவ்வொரு குறியீட்டுக்கும், அதாவது ஒரு தடவையில் அனுப்பப்படும் தரவுத் துண்டுக்கும், முன்னால் 224 மைக்ரோநொடி வரை காப்பு இடைவெளி விடலாம். அந்த நேரத்தில் அலை 67 கிலோமீட்டர் பயணிக்கும். இடைவெளிக்குள் வந்து சேரும் எதிரொலி பெரும்பாலும் தீங்கு செய்யாது. பல கோபுரங்கள் ஒரே அதிர்வெண்ணில் ஒளிபரப்ப முடிவதற்கும் இதுவே அடிப்படை.

அலைவரிசைத் தேடலைத் தானியங்கியாக விடாமல், அதிர்வெண்ணைக் கொடுத்துக் கைமுறையாகச் செய்யுங்கள். 8 மெகாஹெர்ட்ஸ் அகலம் கொண்ட யுஹெச்எஃப் அட்டவணையில் சேனல் எண்ணை (நிலையம் பயன்படுத்தும் அதிர்வெண் பகுதியின் எண்) 8 ஆல் பெருக்கி 306-ஐக் கூட்டினால் நடு அதிர்வெண் வரும்: சேனல் 21 என்றால் 474 மெகாஹெர்ட்ஸ். தானியங்கித் தேடல் வேறு வட்டாரக் கோபுரத்தின் பலவீனமான பதிப்பைப் பிடித்து வைத்துக்கொள்வதுண்டு, முக்கியமாக, உயர் காற்றழுத்த நாள்களில் அலைகள் அடிவானம் தாண்டி வரும்போது. அத்தகைய நாள்களில் படம் உடைந்தால் எதையும் மாற்றாமல் வானிலை மாறும்வரை காத்திருப்பதே சரி. மின்விசை போடும்போதோ எல்இடி விளக்கு எரியும்போதோ மட்டும் உடைந்தால் குறுக்கீடு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. தரமற்ற ஹெச்டிஎம்ஐ கேபிளும் இதே குற்றவாளியாக இருக்கலாம்.

எல்லாம் முடிந்தபின் கையிருப்பை அளந்து பாருங்கள். 6 டெசிபெல் அட்டெனுவேட்டர் (சிக்னலை வேண்டுமென்றே குறைக்கும் சிறு கருவி) ஒன்றை ஆன்டெனாவுக்கு அடுத்தபடியாக, பூஸ்டர் இருந்தால் அதற்கு முன்னால், இணைத்துப் பலவீனமான மல்டிப்ளெக்ஸைச் சிறிது நேரம் ஓடவிடுங்கள். படம் உடையாமல் நின்றால் அட்டெனுவேட்டரைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு மல்டிப்ளெக்ஸின் அதிர்வெண்ணையும் வலுவையும் தரத்தையும் எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டிவையுங்கள். பின்னொரு நாள் கோளாறு வரும்போது, எல்லா எண்களும் சேர்ந்து விழுந்திருந்தால் கேபிளையும் கனெக்டரையும், ஒன்று மட்டும் விழுந்திருந்தால் அந்த அதிர்வெண்ணின் குறுக்கீட்டையோ ஒளிபரப்பாளரின் மாற்றத்தையோ நேராகத் தேடத் தொடங்கலாம்.