கடலை கொறிக்கும் அணிலை வரையும் முறை

அணில் படங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் கோட்டை விடுகின்றன: தாடையில். கொறிக்கும்போது அணில் கீழ்த்தாடையை முன்னால் தள்ளும். அப்போதுதான் மேல், கீழ் வெட்டுப்பற்களின் நுனிகள் சந்திக்கும். கிடைத்த துண்டைக் கடைவாயில் மெல்லும்போது தாடை பின்னுக்குப் போய்விடும், முன்பற்கள் ஒன்றையொன்று தொடாது. ஆகவே அணில் கொறிக்கிறதா, மெல்லுகிறதா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். இங்கே கொறிக்கும் அணில்.

ஏ4 தாள், ஹெச்பி, 2பி, 4பி பென்சில்கள், ரப்பர் போதும். பக்கவாட்டுத் தோற்றத்தில் தொடங்குங்கள். 9 செ.மீ. உயரத்தில் சற்று முன்சாய்ந்த முட்டை வடிவம் உடல். அதன் மேல் 4 செ.மீ. நீளத்தில் சிறிய முட்டை தலை. பின்னங்காலின் குதிகால் தரையில் படியட்டும். வால் ஏறக்குறைய உடல் நீளம்.

இனி வாய். மூக்குக்குக் கீழே மேலுதடு நடுவில் பிளந்திருக்கும். அந்தப் பிளவிலிருந்து மேல்பற்கள் உள்நோக்கி வளைந்து இறங்கும்; கீழ்ப்பற்கள் அவற்றைவிட நீளம். மேலே இரண்டு, கீழே இரண்டு, அவ்வளவுதான். அவற்றுக்குப் பின்னால் பல்லில்லாத இடைவெளி. கொறிக்கும்போது உதடு அங்கே உள்மடிந்து, ஓட்டுத் துணுக்குகள் தொண்டைக்குள் போகாமல் தடுக்கும். அதனால் வாயை ஆவென்று திறந்து கடலையை உள்ளே திணித்து வரையாதீர்கள். கடலையின் நுனி பல் முனையைத் தொட்டால் போதும்.

பல்லை வெள்ளையாக விடுவதும் தவறு. முன்பக்க எனாமலில் இரும்பு கலந்திருப்பதால் பல் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும். ஹெச்பியால் இலேசாகச் சாயல் கொடுங்கள். பின்பக்கம் எனாமல் இல்லை. மென்மையான அந்தப் பகுதி சீக்கிரம் தேய்வதால்தான் நுனி உளிபோல் கூராகவே இருக்கிறது. எனவே நுனியைப் பின்னோக்கிச் சரித்து வரையுங்கள்.

கொறிக்கும் வேகத்தைக் காட்டுவது தசை. அணிலுக்குத் தாடைத்தசை கண்ணுக்கு முன்னால் மூக்குப்பக்கம் வரை ஏறிப் பிடித்திருக்கும். தாடை மூலையிலிருந்து கண்ணின் முன்பக்கம் வரை 2பியால் மெல்லிய புடைப்பு கொடுங்கள். இதை விட்டுவிட்டால் முகம் தூங்கி வழியும்.

முன்கையில் தெரியும்படி நான்கு விரல்கள்தான். கட்டைவிரல் வெறும் முளை. மனிதக் கைபோல ஐந்து விரல் போட்டால் படமே பொம்மையாகிவிடும். முழங்கைகள் மார்போடு ஒட்டி மடங்கியிருக்க, இரு கைகளும் 3 செ.மீ. கடலையைப் பக்கத்துக்கொன்றாகப் பிடிக்கட்டும். கொறித்த ஓட்டின் விளிம்பில் இணை இணையாகச் சிறு பள்ளங்கள் போடுங்கள். மார்பு முடியில் இரண்டொரு துணுக்குகளும் வேண்டும்.

பிடியைப் படிக்க ஜெர்மன் ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைன் 1526–28 வாக்கில் தீட்டிய ஓவியம் உதவும். சங்கிலி கட்டிய அணிலோடு ஒரு பெண் இருக்கும் அந்தப் படம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. ஆனால் அது ஐரோப்பியச் செவ்வணில். நம்மூர் அணிலுக்குக் காதில் குஞ்சம் கிடையாது.

முதுகுக் கோடுகளைக் கடைசியில் போடுங்கள். நடுக்கோடு தலையிலிருந்து வால்வரை ஓடும். ஓரக்கோடுகள் முன்னங்காலில் தொடங்கிப் பின்னங்காலோடு நின்றுவிடும். வெள்ளைக்குத் தாளையே விட்டுவைத்து, இடையில் உள்ள கருமைக்கு 4பி தீட்டுங்கள், முடி போகும் திசையிலேயே.