வாக்கிங் பாதியில் நிற்காமலிருக்க இலக்கை எப்படி வைப்பது?

"பத்து கிலோ குறைக்கணும்." வாக்கிங் தொடங்குகிற பலர் மனதில் இருப்பது இந்த ஒரு வரிதான். மூன்றாவது வாரம் ஷூ கட்டிலுக்கடியில் போய்விடுவதற்கும் பெரும்பாலும் இதே வரிதான் காரணம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 70 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் முக்கால் மணி நேரம் நடந்தால் சுமார் 180 கலோரி செலவாகும். ஒரு மசால் தோசை அதைத் தாண்டிவிடும். ஒரு கிலோ கொழுப்பில் இருப்பதோ சுமார் 7,700 கலோரி. சாப்பாட்டில் கை வைக்காமல் தினமும் நடந்தாலும் ஒரு கிலோ கரைய ஆறு வாரத்துக்கு மேல் பிடிக்கும். ஆனால் உடம்பின் எடை ஒரே நாளில் ஒரு கிலோ ஏறும், இறங்கும். முந்தின இரவு ஊறுகாயும் அப்பளமும் கூடிப்போனால் உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாதவிடாய்க்கு முந்தின நாட்களிலும் எடை ஏறலாம். இருபது நாள் ஒழுங்காக நடந்தவர் எடை மிஷினில் ஏறி நின்றால், அரை கிலோ கூடியிருப்பதாகக் காட்டினாலும் காட்டும். அத்தோடு மனம் விட்டுப்போகிறது. அவர் நடையில் குறை எதுவும் இல்லை. தன் கையில் இல்லாத ஒன்றை இலக்காக வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

ஆகவே இன்று தூங்கப் போவதற்குள் 'செய்தேன்' அல்லது 'செய்யவில்லை' என்று சொல்லிவிடக்கூடிய ஒன்றையே இலக்காக வையுங்கள். எத்தனை நாள், எத்தனை நிமிடம். இந்த இரண்டு எண் போதும்.

முதல் வாரம் இலக்கே வேண்டாம். வழக்கம்போல இருந்து, எவ்வளவு நடக்கிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். போன் எண்ணும் அடிகளை வைத்துக்கொள்ளலாம். ஆனால் வீட்டுக்குள் போனை மேஜையில் வைத்துவிட்டு நடந்தது அதில் வராது. தினம் 3,000 அடி நடப்பவர் மறுநாளே 10,000 என்று குறி வைத்தால் சில நாளிலேயே குதிகால் வலி வரலாம். அந்தப் பத்தாயிரம் மருத்துவம் வகுத்த எல்லையும் இல்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி ஜப்பானில் உடற்பயிற்சி ஆர்வம் பெருகியபோது, 1965-இல் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து பரவிய எண் அது.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பெரியவர்களுக்குச் சொன்னது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு. கூடவே வாரம் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. 150-ஐ நோக்கி 12 வாரத்தில் இப்படிப் போகலாம்:

1-ஆவது வாரம்: எண்ணுவது மட்டும்
2, 3: வாரம் 4 நாள், 15 நிமிடம்
4 முதல் 6: வாரம் 4 நாள், 25 நிமிடம்
7 முதல் 9: வாரம் 5 நாள், 25 நிமிடம்
10 முதல் 12: வாரம் 5 நாள், 30 நிமிடம்

வேகத்துக்கு ஓர் எளிய சோதனை. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. எண்ணிப் பார்க்க விரும்பினால் 15 நொடியில் 25 அடி, அதாவது நிமிடத்துக்கு 100. கடைவீதியில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நடப்பது பெரும்பாலும் இந்த அளவைத் தொடாது.

சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் தொடங்கும் முன் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்கள் பையில் நான்கு மிட்டாயோ குளுக்கோஸோ வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், வழக்கத்தில் இல்லாத மூச்சுத்திணறல் என்று எது வந்தாலும் அன்று நடையை நிறுத்திவிட்டு, தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

இலக்குக்குத் தரையும் கூரையும் வேண்டும். தரை 10 நிமிடம். விருந்தாளி வந்தாலும், தூக்கம் போதாவிட்டாலும் இந்தப் பத்து நிமிடம் நடந்துவிட்டால் அன்று கணக்கில் சேரும். கூரையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 15 நிமிட வாரத்தில் உற்சாகம் பொங்கி ஒருநாள் 50 நிமிடம் நடந்தால், மூச்சு தாங்கும், கால் தாங்காது. நெஞ்சும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிக்கொள்ளும். தசைநாரும் எலும்பும் அதைவிட மெதுவாகத்தான் பழகும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பை ஒட்டி வரும் வலி பெரும்பாலும் இந்த அவசரத்தால் வருவது. அந்தந்த வாரத்து நிமிடத்தில் பாதியைக் கூடுதலாக நடக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்து, இலக்கை நேரத்தோடும் இடத்தோடும் முடிச்சுப் போடுங்கள். 2002-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், உடற்பயிற்சியின் நன்மைகளை மட்டும் படித்த மாணவர்களில் சுமார் 35 சதவீதத்தினர்தான் அடுத்த வாரம் பயிற்சி செய்தார்கள். அதோடு என்று, எத்தனை மணிக்கு, எங்கே செய்வேன் என்றும் எழுதித் தந்தவர்களில் 91 சதவீதத்தினர் செய்தார்கள். ஒரே ஒரு வாரத்துக் கணக்குதான் என்றாலும் வித்தியாசம் பெரிது. எழுத வேண்டிய வாக்கியம் இப்படி இருக்கட்டும்: "பால் பாக்கெட்டை ஃபிரிட்ஜில் வைத்ததும் ஷூ போட்டுக்கொண்டு பூங்கா வரை போவேன்." தடை வந்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே எழுதுங்கள். "மழை பெய்தால் வீட்டுக்குள் பத்து நிமிடம், மாடிப்படி ஏறி இறங்குவேன்." "இரவு 11-க்கு மேல் படுத்தால் காலை நடை கிடையாது, மாலை 6.30-க்குப் போவேன்." தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம், மே மாதம் கத்திரி வெயில். இந்த இரண்டுக்கும் மாற்று வாக்கியம் இல்லாத இலக்கு ஓராண்டு தாங்காது.

வீட்டுப் பெண்களுக்கு இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். காலை ஆறிலிருந்து எட்டு வரை அடுப்பு, டிபன் பாக்ஸ், பிள்ளைகளின் யூனிஃபார்ம் என்று ஓடுபவருக்குக் காலை நடை என்ற இலக்கே பொருந்தாது. அது தவறிப்போனால் அதைச் சோம்பல் என்று சொல்வது அநியாயம். அந்த அரை மணி நேரம் அடுப்பை யார் பார்ப்பார் என்று வீட்டில் பேசி முடிவு செய்வதும் இலக்கு வைப்பதில் ஒரு பகுதிதான். முடியாவிட்டால் பிரித்துக்கொள்ளுங்கள்: பிள்ளையைப் பள்ளியில் விட்டுத் திரும்பும்போது 10, மதியம் மாடியில் 10, இரவு உணவுக்குப் பின் 10. தொடர்ந்து பத்து நிமிடமாவது இருந்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையையும் 2020 பரிந்துரை எடுத்துவிட்டது. ஐந்து நிமிடமும் சேரும்.

கணக்கு எழுத ஆப் தேவையில்லை. அடுக்களைச் சுவரில் பெரிய கட்டம் போட்ட மாதக் காலண்டர் தொங்குமே, அது போதும். டிக் போடாமல் நிமிடத்தை எழுதுங்கள். வியாழன் 25, வெள்ளி 10, சனி ஒரு சின்னக் கோடு. டிக்கைப் பார்த்தால் நடந்தீர்கள் என்பது மட்டும் தெரியும். எண்களைப் பார்த்தால் வெள்ளிதோறும் ஏன் பத்திலேயே நிற்கிறது என்ற கேள்வி வரும், அதற்குப் பதிலும் வரும். அட்டவணையில் ஒரு படிக்குரிய வாரங்களில் இலக்கை முழுதாக முடித்திருந்தால் அடுத்த படிக்கு ஏறுங்கள். நான்கில் மூன்று பங்குகூட முடியவில்லை என்றால் நிமிடத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடுங்கள். இலக்கைக் குறைப்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். எட்டாத எண்ணைச் சுவரில் வைத்துக்கொண்டு தினமும் தோற்பதுதான் ஆளை நிறுத்திவிடும்.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று சொல்வார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வு ஒன்றில், ஒரு செயல் தன்னால் நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. ஒருநாள் தவறியது பழக்கத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதில் தெரிந்தது. எனவே தவறிய நாளை ஈடுகட்ட மறுநாள் இரட்டிப்பு நடக்காதீர்கள். காய்ச்சல் வந்தால் முழுதாக விட்ட பிறகு பாதி நிமிடத்தில் தொடங்குங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நின்றுபோனால் அட்டவணையில் ஒரு படி பின்னே போங்கள்.

பலனையும் பார்க்கத்தான் வேண்டும், நான்கு வாரத்துக்கு ஒருமுறை. ஒரே தெருவில் ஒரே தூரத்துக்கு எத்தனை நிமிடம் ஆகிறது. தொப்புள் மட்டத்தில் இஞ்ச் டேப் என்ன காட்டுகிறது. காலை எழுந்ததும் நாடித்துடிப்பு எத்தனை. நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் 30 நொடியில் எத்தனை முறை எழ முடிகிறது என்றும் எண்ணுங்கள். வாரம் இரண்டு நாள் இதே எழுந்து உட்காரும் பயிற்சியை 10 முறை வீதம் இரண்டு சுற்றும், சுவரில் கை ஊன்றித் தள்ளுவதை 10 முறையும் செய்தால் அந்த எண் ஏறும். எடை பார்த்தே ஆக வேண்டுமென்றால் வாரம் ஒருநாள், காலைக்கடன் முடித்த பின், சாப்பிடும் முன் பாருங்கள். நான்கு வார எடைகளின் சராசரியை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு வாரம் முடிந்து ஓடிப் பார்க்க ஆசை வந்தால், ஐந்து நாளில் மூன்றை அதற்குக் கொடுங்கள். ஐந்து நிமிட நடைக்குப் பின் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி ஏழு முறை. ஓடும் நாட்களுக்கு நடுவே ஒரு நாளாவது இடைவெளி இருக்கட்டும். காலண்டரில் அந்த நாட்களை வேறு நிறப் பேனாவால் எழுதுங்கள்.