மாத்திரைப் பெட்டியோடு பள்ளிக்கூடம் போகும் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி திறந்ததும் எங்கள் வட்டாரத்தில் புதிதாகச் சேர்ந்த செவிலியர்களும் தன்னார்வலர்களும் வளரிளம் பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். ஆலங்குளம், முக்கூடல், பாப்பாக்குடி பக்கம் அவர்களுக்குத் துணையாக நானும் போகிறேன். நாங்கள் சேர்ந்த புதிதில் செய்த அதே தவறுகள் வருஷம் தவறாமல் நடக்கின்றன. காலாவதித் தேதி பார்க்காதது, பதிவேட்டை மறந்துவிட்டு வருவது எல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவற்றைச் சொல்கிறேன்.

வெறும் வயிற்றில் இரும்புச்சத்து மாத்திரை

வாரம் ஒன்று கொடுக்கும் அந்த நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 19 வயதுப் பெண்பிள்ளைகளில் 100-க்கு 59 பேருக்கு ரத்தசோகை. அதனால் இதைச் சின்ன வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஆலங்குளம் பக்கம் ஒரு பள்ளி. காலைப் பிரார்த்தனைக்குப் பிள்ளைகள் வரிசையாக நிற்கும்போதே கொடுத்துவிட்டால் சுலபம் என்று புதிதாக வந்த பெண் மாத்திரையைக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வீடு பீடி சுற்றும் ஊர்கள் அவை. விடிந்ததும் அம்மா மடியில் சுளகு ஏறிவிடும். மூத்த பெண் இலை வெட்டிக் கொடுத்து, தங்கச்சிக்குச் சடை பின்னிவிட்டு, ஒரு வாய் கடுங்காப்பியோடு பஸ்ஸுக்கு ஓடி வருவாள். 2022-இல் வந்த காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. இவர்கள் அந்த வயதைத் தாண்டியவர்கள்.

முதல் பீரியட் முடிவதற்குள் எட்டாம் வகுப்பில் ஒருத்தி வாந்தி எடுத்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. மறுநாள் காலையில் வெளிக்குக் கறுப்பாகப் போனதும் மற்ற பிள்ளைகளும் பயந்துவிட்டார்கள். அன்று சாயங்காலமே ஊருக்குள், ‘அது கருத்தடை மாத்திரையாம்’ என்று பேச்சு. “எம்பிள்ளைக்கு என்னத்தக் குடுத்திய?” என்று புகையிலைத் தூள் ஒட்டிய கையோடு ஒரு தாய் வந்து நின்றார். மாத்திரை கொடுத்த அந்தப் புதுப் பெண்ணுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த வாரம் பிள்ளைகள் மாத்திரையை வாங்கினார்கள், வாயில் போட்டார்கள், தண்ணீரும் குடித்தார்கள். பிறகு பார்த்தால் கழிப்பறைப் பக்கத்துச் சாக்கடையில் நீல நீலமாய்க் கிடந்தது.

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. முன்கூட்டியே ஐந்து நிமிஷம் பேசியிருந்தால் தடுத்திருக்கலாம். அந்த ஊரில் மறுபடி நம்பிக்கை வர அந்த வருஷம் முழுக்கப் பாடுபட வேண்டியதாகிவிட்டது. அதற்குள் ரத்தசோகை உள்ள பிள்ளைகளுக்கு எத்தனை மாத்திரை வீணாய்ப் போயிருக்கும்!

வெறும் வயிற்றில் இரும்புச்சத்து நன்றாகவே உடம்பில் சேரும், உண்மைதான். ஆனால் குமட்டலும் வயிற்றுவலியும் அப்போதுதான் அதிகம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகே கொடுங்கள். சாப்பிடாதவள் யார் என்று ஆசிரியையிடம் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும். உடம்பில் சேராத இரும்புதான் கறுப்பாக வெளியேறுகிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று பிள்ளைகளிடம் கொடுப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் பார்க்க ஆசிரியையும் ஒன்று விழுங்கினால் பாதிப் பயம் போய்விடும்.

அப்புறம், மாத்திரை போட்ட கையோடு டீயும் காப்பியும் கூடாது. இரும்புச்சத்து சேராமல் போகும். எலுமிச்சையும் நெல்லிக்காயும் சேர உதவும். புளியங்குடி எலுமிச்சை விளைகிற சீமையில் இதற்குப் பஞ்சம் இல்லை.

ஒன்றை மறக்காதீர்கள். வாரம் ஒரு மாத்திரை ரத்தசோகை வராமல் தடுப்பதற்கு. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருக்கும் பெண்ணை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும். அவளுக்கு வேண்டியது சிகிச்சை. குடற்புழு மாத்திரையும் வருஷத்தில் இரண்டு தடவை போய்ச் சேர வேண்டும்; வயிற்றில் கொக்கிப்புழு இருந்தால் அது ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

எல்லோர் முன்னாலும் எடை பார்ப்பது

வேண்டாம். எண்ணை உரக்கப் படிக்கவும் வேண்டாம்.

பையன்களை வெளியே அனுப்பிவிடுவது

முன்னே சொன்ன தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 19 வயதுப் பையன்களில் 100-க்கு 31 பேருக்கு ரத்தசோகை. வளரிளம் பருவம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 10 முதல் 19 வயதுக்காரர்கள் உலக மக்களில் ஆறில் ஒரு பங்கு. அதில் பையன்களும் உண்டு. குரல் உடைவது, தூக்கத்தில் விந்து வெளியேறுவது பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. சுவரில் விளம்பரம் எழுதும் போலி வைத்தியர்தான் பேசுகிறார். நீங்கள் முந்திக்கொள்ளுங்கள்.

மாதவிடாய் வகுப்பை நாப்கின் வகுப்பாக்குவது

நாப்கின் கொடுத்ததோடு வேலை முடியவில்லை. வலி எவ்வளவு, எத்தனை நாள் போகிறது என்று கேளுங்கள்.

ரகசியம் காப்பேன் என்று மொட்டையாக வாக்குக் கொடுப்பது

பிள்ளை நம்பிச் சொன்னதைச் சாயங்காலமே அம்மாவிடம் கொட்டுகிறவர்கள் ஒரு பக்கம். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கையில் அடித்துச் சத்தியம் செய்கிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டும் தப்பு. “நீ சொல்வது என்னோடு இருக்கும்மா. ஆனால் உன் உயிருக்கு ஆபத்து என்றாலோ, யாராவது உன்னைத் தொந்தரவு செய்கிறார்கள் என்றாலோ, நான் சொல்லித்தான் ஆக வேண்டும்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். 18 வயதுக்குக் கீழுள்ள பிள்ளை மீதான பாலியல் குற்றம் தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பது 2012 போக்சோ சட்டப்படி குற்றம். மனநல உதவிக்கு 14416, குழந்தைகள் உதவிக்கு 1098. இரண்டும் இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம். வீட்டில் பெரியவர்கள் கண்ணில் படும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்காமல், நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பிள்ளையையே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.