படகு இன்ஜின் மாற்ற, கட்டுப்படியாகும் கூலியில் நல்ல மெக்கானிக்கைத் தேடுவது எப்படி?

முதன்முறையாக இன்ஜின் மாற்றப் போகும் சிறு விசைப்படகு உரிமையாளர்களுக்காக இதை எழுதுகிறேன். என் படகுக்கு முதல்முறை இன்ஜின் மாற்றியபோது, கேட்டவர்களிலேயே குறைந்த கூலி சொன்னவரிடம் வேலையை ஒப்படைத்தேன். படகு கடலுக்குப் போன மூன்றாம் மாதத்தில் கியர் பாக்ஸ் பேரிங் போனது. புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டான சாஃப்ட் தேய்ந்து, அது படகைத் துளைத்து வெளியேறும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கும் கிளாண்ட் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. கூலியில் மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கு செலவும், பத்து நாள் தொழில் இழப்பும் வந்தன. மெக்கானிக் கேட்கும் தொகையை மட்டும் பார்க்கக் கூடாது, இன்ஜின் ஒழுங்காக ஓடும் வரை ஆகும் மொத்தச் செலவைத்தான் ஒப்பிட வேண்டும் என்பதை அப்போது கற்றுக்கொண்டேன்.

முதல் படி: மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள்

புகையைப் பார்த்த உடனே இன்ஜின் முடிந்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். கரும்புகை வந்தால் டீசல் முழுமையாக எரியவில்லை, அல்லது இன்ஜின் தன் சக்திக்கு மீறி இழுக்கிறது என்று பொருள். புரொப்பல்லரில் சுற்றிய வலைக்கயிறும், அடிப்பாகத்தில் படிந்த கொட்டலசும்கூட இதற்குக் காரணமாகலாம். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. வெண்புகை நிற்காமல் வந்தால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது, அல்லது சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்குகிறது. ஆயில் குச்சியை உருவிப் பார்க்கும்போது ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் (உள்ளே காற்று அழுத்தப்படும் அளவு) அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். பிளாக் விரிசல் விட்டிருந்தாலோ, கிராங்க் சாஃப்ட் மேலும் கடைய முடியாத அளவுக்குத் தேய்ந்திருந்தாலோ மாற்றுவதே சரி. மற்ற பல குறைகளை, இன்ஜினைப் பிரித்துப் பழுதுபார்க்கும் ஓவர்ஹாலில் தீர்க்க முடியும். எதையும் அளந்து பார்க்காமலேயே புது இன்ஜின் வாங்குங்கள் என்று சொல்பவரை நான் தவிர்ப்பேன்.

இரண்டாம் படி: வாங்கும் முன் தாள்கள்

படகின் பதிவுச் சான்றில் இன்ஜின் விவரம் இருக்கிறது. ஆகவே புது இன்ஜினின் குதிரைத்திறனையும் எண்ணையும் மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் பதிவில் ஏற்றியாக வேண்டும். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் விதிகள், 2020-இன்படி விசைப்படகு இன்ஜினுக்கு 240 குதிரைத்திறன் உச்ச வரம்பு. "அதிக சக்தி, குறைந்த விலை" என்று யாராவது அதற்கு மேற்பட்ட இன்ஜினைக் காட்டினால், அந்த விலை உங்களுக்கு லாபமாகாது. மானியத்துக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், பில் போடும் முன்பே அந்த அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: எங்கே தேடுவது

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த நாள்களில்தான் எல்லோரும் படகைக் கரையேற்றுகிறார்கள், எல்லோரும் ஒரே மெக்கானிக்கைத் தேடுகிறார்கள். தடைக்காலம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது போனால் சொன்ன கூலிதான், சொன்ன நாள்தான். கிழக்குக் கரையில் இருப்பவர்கள் பிப்ரவரி, மார்ச் மாதங்களிலேயே பேசி நாள் குறித்துவிட வேண்டும்.

யாரைக் கேட்பது என்றால், படகு உரிமையாளர்களைவிட டிரைவரையும், படகைச் செலுத்தும் ஸ்ராங்கையும் கேளுங்கள் என்பேன். இன்ஜினோடு இரவு பகல் இருப்பவர்கள் அவர்கள்தான். உங்கள் படகின் நீளத்துக்கு நெருங்கிய நீளமும், நீங்கள் வாங்கப் போகும் இன்ஜின் வகையும் உள்ள படகுகளில், இன்ஜின் மாற்றி இரண்டு தடைக்காலங்களைக் கடந்தவற்றைத் தேடிப் பிடித்து, அதிர்வு உண்டா, எத்தனை முறை கிளாண்ட் இறுக்கினீர்கள், குறை என்று கூப்பிட்டபோது மெக்கானிக் வந்தாரா என்று கேளுங்கள். அடுத்து லேத் பட்டறைக்குப் போங்கள். தேய்ந்த சாஃப்ட்டும், அதைக் கியர் பாக்ஸோடு இணைக்கும் கப்ளிங் உடைந்தால் அதுவும் திரும்பி வரும் இடம் அது. யார் பொருத்திய சாஃப்ட் அடிக்கடி வருகிறது என்பது பட்டறைக்காரருக்குத் தெரியும். கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய மீன்வள நிறுவனமான சிஃப்நெட், தன் சென்னைப் பிரிவிலும் மரைன் ஃபிட்டர் பயிற்சி தருகிறது. அங்கே பயின்றவர் உங்கள் துறைமுகத்தில் இருந்தால் அவரிடமும் விலை கேளுங்கள்.

புது இன்ஜின் என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. பொருத்தி முதலில் ஓட்டிக் காட்டும் வேலையை டீலரின் சர்வீஸ் ஆள் செய்தால்தான் வாரண்டி என்ற நிபந்தனை பல இன்ஜின்களுக்கு உண்டு. சில டீலர்கள் அதை இன்ஜின் விலையிலேயே சேர்த்துவிடுவார்கள். அப்படியானால் பழையதை இறக்குவது, இன்ஜின் உட்காரும் கட்டையைச் சரிசெய்வது, சாஃப்ட் வேலை ஆகியவற்றை மட்டும் உள்ளூர் மெக்கானிக்கிடம் கொடுத்துச் செலவைக் குறைக்கலாம். வாரண்டி நிபந்தனையைப் படித்துப் பார்க்காமல் இதில் இறங்க வேண்டாம்.

நான்காம் படி: கூலி பேசுவது

குறைந்தது மூன்று பேரைப் படகுக்கே வரவழைத்து, இன்ஜின் அறையைப் பார்த்த பிறகு விலை சொல்லச் சொல்லுங்கள். போனிலேயே விலை சொல்பவர் உங்கள் இன்ஜின் கட்டையின் அகலத்தையோ சாஃப்ட்டின் தேய்மானத்தையோ பார்த்திருக்க மாட்டார். நல்ல மெக்கானிக் கேள்வி கேட்பார்: புது இன்ஜின் எத்தனை ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று), கியர் விகிதம் என்ன, இப்போதுள்ள புரொப்பல்லரின் விட்டம் என்ன? 1800 ஆர்பிஎம் இன்ஜினை 3:1 கியர் பாக்ஸோடு இணைத்தால் சாஃப்ட் 600 சுற்று சுற்றும். பழைய கியர் 2:1 என்றால் அது 900 சுற்று சுற்றியிருக்கும். இரண்டுக்கும் ஒரே புரொப்பல்லர் பொருந்தாது. இதைக் கேட்காதவர் சொல்லும் விலையில் புரொப்பல்லர் மாற்றும் செலவு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்துக்காட்டாக, ஒருவர் 25,000 ரூபாயும் மற்றவர் 40,000 ரூபாயும் கேட்கிறார் என்று கொள்வோம். முதலாமவரின் தொகையில் கிரேன் வாடகை, லேத் வேலை, போல்ட்டும் ரப்பர் மவுண்ட்டும், தண்ணீரில் இறக்கிய பிறகான அலைன்மென்ட் (இன்ஜினையும் சாஃப்ட்டையும் ஒரே நேர்கோட்டில் அமைப்பது), கடல் ஓட்டம் ஆகியவை இல்லை என்றால், இரண்டாமவர்தான் மலிவானவராக இருக்கக்கூடும். எனவே எது சேர்த்தி, எது தனி என்பதை ஒரே தாளில் எழுதி வாங்குங்கள். நாள் கூலிக்குப் பேசினால் வேலை இழுபடும். மொத்தமாகப் பேசுவதே தொடக்கக்காரர்களுக்குப் பாதுகாப்பு. பொருள்களை நீங்களே பில்லோடு வாங்கிக் கொடுங்கள். கழற்றிய பழைய இன்ஜின் யாருக்கு என்பதையும் முன்பே பேசிவிடுங்கள், ஏனெனில் அதன் பழைய இரும்பு விலையும் உதிரி விலையும் உங்கள் பணம்.

ஐந்தாம் படி: அலைன்மென்ட்

என் முதல் அனுபவத்தில் தவறியது இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். கியர் பாக்ஸின் கப்ளிங் முகமும் சாஃப்ட்டின் கப்ளிங் முகமும் எல்லாப் பக்கமும் ஒரே இடைவெளியில் நேருக்கு நேர் அமைய வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு சுற்றிலும் சாஃப்ட் வளைந்து வளைந்து, பேரிங்கையும் கிளாண்ட்டையும் தின்றுவிடும். பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் கணக்கு, கப்ளிங் விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது என்பதாகும். ஆறு அங்குலக் கப்ளிங் என்றால் ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர்.

இரண்டாம் முறை என் படகில் வேலை செய்த பெரியவர், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடு ஒன்றைக் கப்ளிங் இடைவெளியில் மேலே, கீழே, இடம், வலம் என்று நான்கு இடங்களிலும் நுழைத்துப் பார்த்தார். மேல்பக்கம் தகடு வழுக்கிப் போனது, கீழே பிடித்தது. இன்ஜினின் முன் கால்களுக்கு அடியில் பித்தளைத் தகடு ஒன்றை வைத்து, போல்ட்டை இறுக்கி, மறுபடியும் நான்கு இடங்களிலும் பார்த்தார். பிறகு சாஃப்ட்டைக் கால் சுற்று திருப்பி, திரும்பவும் முதலிலிருந்து. அன்று காலை தொடங்கியவர் மதியம்தான் எழுந்தார்.

அதோடு அவர் விடவில்லை. கரையில் கட்டைமேல் நிற்கும்போது ஒரு வடிவத்திலும், தண்ணீரில் மிதக்கும்போது வேறொரு வடிவத்திலும் படகின் உடல் சற்று வளைந்துகொள்ளும். மரப்படகில் இது அதிகம். ஆகவே படகை இறக்கி, ஒரு நாளாவது மிதக்கவிட்டு, டீசலும் தண்ணீரும் நிரப்பிய பிறகு மறுபடி அளக்க வேண்டும். நீங்கள் விலை கேட்கும் ஒவ்வொருவரிடமும் "தண்ணீரில் இறக்கிய பிறகு ஒருமுறை பார்ப்பீர்களா?" என்று கேளுங்கள். தேவையில்லை என்று சொல்பவரிடம், கூலி எவ்வளவு குறைவாக இருந்தாலும், வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஆறாம் படி: ஓட்டிப் பார்த்துப் பணம் கொடுப்பது

பணத்தை நான்காகப் பிரித்துக் கொடுக்கலாம்: வேலை தொடங்கும்போது ஒரு பங்கு, இன்ஜின் கட்டையில் உட்கார்ந்ததும் ஒரு பங்கு, கடல் ஓட்டத்துக்குப் பின் ஒரு பங்கு, முதல் 50 மணி நேரம் ஓடிய பிறகு மீதி. கடல் ஓட்டத்துக்கு நீங்களும் கூடவே போங்கள். வழக்கமான பாரத்தோடு, இன்ஜின் சூடேறிய பிறகு முழு வேகம் கொடுக்கும்போது, தயாரிப்பாளர் சொன்ன ஆர்பிஎம்மை அது எட்ட வேண்டும். 1800 எட்ட வேண்டியது 1600-இலேயே நின்று கரும்புகை விட்டால் புரொப்பல்லர் அதற்குப் பெரிது. கிளாண்ட் பேக்கிங் கயிறு போட்டதாக இருந்தால், ஓடும்போது நிமிடத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் கசிவது சரியே. ஒரு சொட்டும் இல்லாமல், கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே சூடு தெரிந்தால், அதிகமாக இறுக்கியிருக்கிறார் என்று பொருள். குளிர்விக்கும் தண்ணீர் வெளியே கொட்டுகிறதா, ஆயில் அழுத்தம் நிலையாக இருக்கிறதா என்பதை டிரைவரிடம் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

50 மணி நேரம் ஆனதும் மெக்கானிக்கை மறுபடி படகுக்கு அழையுங்கள். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, மவுண்ட் போல்ட்டுகளை இறுக்கி, கப்ளிங்கைக் கழற்றி ஃபீலர் கேஜால் ஒருமுறை அளந்து, அந்த அளவை உங்கள் தாளில் எழுதிக் கையெழுத்திட்ட பிறகு கடைசிப் பங்கைக் கொடுங்கள்.