பிரான்சில் ஒரு செமஸ்டரா? பிறப்புச் சான்றிதழை முதலில் பாருங்கள்

புதுச்சேரியிலிருந்து ஒரு செமஸ்டர் படிக்கப் பிரான்சுக்குச் செல்லும் மாணவர்கள், கம்பளி உடை வாங்கப் புறப்படுவதற்கு முன், தங்கள் பிறப்புச் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும். என் சான்றிதழில் தந்தையின் பெயர் வெறும் இனிஷியலாக இருந்தது. பாஸ்போர்ட்டிலோ அவருடைய முழுப்பெயரே என் குடும்பப் பெயராகியிருந்தது. லியோனில் மருத்துவக் காப்பீட்டுக்குப் பதிந்தபோது இந்த வேறுபாட்டுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்து, அது தீர்வதற்குள் பாதி செமஸ்டர் ஓடிவிட்டது.

அங்கே பெற்றோர் பெயருடன் கூடிய சான்றிதழையும், அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பையும் கேட்பார்கள் என்பதால், பிழை இருந்தால் ஊரில் இருக்கும்போதே நகராட்சியில் திருத்திக்கொள்ளுங்கள். பிரெஞ்சு தெரிந்த எதிர்வீட்டுத் தாத்தா எழுதிக் கொடுப்பது நம் ஊரில் எளிதுதான். ஆனால் அது செல்லாது.

உங்களுடையது குடியிருப்பு அனுமதியாகவும் செயல்படும் நீண்டகால விசா என்றால், இறங்கிய 3 மாதத்துக்குள் இணையத்தில் அதை உறுதிப்படுத்த வேண்டும். கையால் நிரப்பும் படிவங்களில் 7-இன் நடுவே குறுக்குக்கோடு போடுங்கள். நீண்ட கொக்கியுடன் அவர்கள் எழுதும் 1, நம் 7-ஐப் போலவே இருக்கும்.